சொல்லும் பொருளும்: பாட்டைக் கண்டெடுத்தவர்கள்



உங்கள் வீட்டில் உயர்தர வகுப்பில் படிக்கும் மகளோ தங்கையோ இருந்தால், ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "உம்மா, 'ட்ரூபடோர்' என்றால் யார்?" என்று என்றாவது ஒரு நாள் கேட்கக்கூடும். அகராதியைப் புரட்டினால், "மத்திய காலத்தில் ஊர் ஊராய்த் திரிந்து காதற் பாட்டுப் பாடியவர்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் பாதி சரி, பாதி பிழை. அதற்குப் பின்னால் நம்மோடு தொடர்புள்ள ஒரு நீண்ட வழக்கும் இருக்கிறது. இந்த மாதம் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

இன்றைய பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு காலத்தில் வடக்கிலே பேசிய பிரெஞ்சு மொழியைப் பேசவில்லை. இலத்தீனிலிருந்து பிறந்த இன்னொரு மொழியான ஒக்ஸித்தான் மொழியே வழங்கியது. பதினோராம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி வரை, ஏறக்குறைய இருநூறு வருடங்கள், அந்த மொழியில் பாட்டுக் கட்டியவர்களைத் 'துரூபதூர்' என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அதுவே 'ட்ரூபடோர்' ஆயிற்று. நானூறுக்கும் மேற்பட்ட கவிஞர்களின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. சுமார் 2,500 பாடல்கள் கையெழுத்துப் பிரதிகளில் எஞ்சியுள்ளன. ஆனால், எந்த மெட்டில் பாடினார்கள் என்பதற்கான இசைக்குறிப்பு அவற்றுள் பத்தில் ஒன்றுக்குத்தான் உண்டு.

அகராதியின் பிழை எங்கே என்று கேட்கிறீர்களா? ஊர் ஊராய்ப் பாடித் திரிவது துரூபதூரின் இலட்சணம் அல்ல. பாட்டை இயற்றுபவரே துரூபதூர். இயற்றிய பாட்டை எடுத்துக்கொண்டு கோட்டைக்குக் கோட்டை, சந்தைக்குச் சந்தை போய்ப் பாடிப் பிழைத்தவருக்கு 'ஜொக்லார்' என்று வேறு பெயர் இருந்தது. வேடிக்கை காட்டுபவர் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. பந்துகளை எறிந்து பிடித்து வித்தை காட்டுபவரை இன்று ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். சிலர் இரண்டு வேலையையும் செய்தார்கள் என்பது உண்மை. ஆயினும் பெயர்கள் இரண்டு, தொழில்கள் இரண்டு.

துரூபதூர்கள் எல்லோரும் ஏழைகளும் அல்லர். பாடல்கள் கிடைத்திருப்போருள் மிகப் பழையவர் ஒரு பெரிய பிரபு. அக்கித்தேன் நாட்டின் ஒன்பதாம் வில்லியம் (1071–1126) என்பது அவர் பெயர். பிரான்ஸின் மன்னரை விடவும் அதிகமான நிலத்தை ஆண்டவர். மறுபக்கத்தில், வெந்ததோர்ன் கோட்டையைச் சேர்ந்த பெர்னார் என்ற புகழ்பெற்ற கவிஞரைப் பற்றிய பழைய குறிப்பு, அவருடைய தகப்பன் அந்தக் கோட்டையில் ரொட்டி சுடும் அடுப்பை எரித்த வேலையாள் என்று சொல்கிறது. பிரபுவின் மகனும் அடுப்பெரிப்பவரின் மகனும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டார்கள் என்றால், அந்தப் பெயரில் ஏதோ ஒரு மதிப்பு இருந்திருக்க வேண்டும் அல்லவா?

பெண்களும் இருந்தார்கள். பாட்டு இயற்றிய பெண்ணுக்குத் 'துரூபைரித்ஸ்' என்று தனிப்பெயர் வழங்கியது. ஏறக்குறைய இருபது பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. தியா என்ற ஊரின் சீமாட்டி என்று அறியப்படும் ஒருவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். இந்தப் பெண் கவிஞர்களின் பாடல்களுள் இசைக்குறிப்போடு எஞ்சியது ஒன்றே ஒன்றுதான், அது அவருடையது. தன்னை மதிக்காத ஒருவனை நினைத்துக் குறைப்படும் பாட்டு அது. ஆண் கவிஞர்கள் தாம் புகழும் சீமாட்டியை எட்டாத உயரத்தில் வைத்துப் பாடினார்கள். பெண் கவிஞர்களோ கீழே இறங்கி வந்து, நேருக்கு நேர் நியாயம் கேட்டார்கள்.

பெயரின் பொருள்

இனிப் பெயருக்கு வருவோம். தமிழில் பண் பாடியவர் பாணர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அரபியில் கவிஞருக்கு 'ஷாயிர்' என்று பெயர். உணர்தல், அறிதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து அது வந்தது. திருக்குர்ஆனின் 26ஆவது அத்தியாயத்துக்கு 'அஷ்ஷுஅரா' என்று பெயர் இருப்பதும், அதன் பொருள் 'கவிஞர்கள்' என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. உணர்பவர் அரபியில் கவிஞர் என்றால், ஒக்ஸித்தான் மொழியில் கவிஞர் யார்?

'துரூபார்' என்ற வினைச்சொல்லிலிருந்து 'துரூபதூர்' வந்தது. அந்த வினைக்கு இரண்டு பொருள்: ஒன்று, கண்டெடுத்தல், மற்றது, பாட்டு இயற்றுதல். இன்றைய பிரெஞ்சு மொழியிலும் கண்டெடுப்பதற்குத் 'துரூவே' என்றே சொல்கிறார்கள். ஆகவே துரூபதூர் என்றால் 'கண்டெடுப்பவர்'. இல்லாத ஒன்றைத் தானே உண்டாக்கியவர் என்ற பெருமை அந்தப் பெயரில் இல்லை. எங்கோ கிடந்த பாட்டைத் தேடி எடுத்து வந்தவர் என்ற பணிவே தொனிக்கிறது. அழகான பெயர்தான்.

ஆனால் அந்த வினைச்சொல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வழக்கு ஆரம்பமாகிறது.

முதற் கட்சியார் இலத்தீன் என்கிறார்கள். கிறிஸ்தவ ஆலயப் பாட்டுகளின் இடையே புதிதாகச் சேர்த்துப் பாடும் பகுதிக்கு 'துரோப்பு' என்று ஒரு பெயர் உண்டு. 'திருப்பம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்கு மூலம். அதிலிருந்து 'துரோப்பாரே', அதாவது துரோப்பு கட்டுதல் என்றொரு வினை பிறந்தது. அதுவே பாட்டு இயற்றுதல் என்றும், பின்னர் கண்டெடுத்தல் என்றும் பொருள் விரிந்தது என்பது அவர்கள் விளக்கம். இந்த இலத்தீன் வினை, பின்னால் வந்த சொற்களைக் கொண்டு அறிஞர்கள் ஊகித்துப் பெற்ற ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் கட்சியார் அரபு என்கிறார்கள். அரபியில் 'தரப்' என்று ஒரு சொல் இருக்கிறது. பாட்டைக் கேட்கும்போது, மகிழ்ச்சியாலோ துக்கத்தாலோ மனம் தன்வசம் இழந்து அசைந்துபோகும் நிலைக்கு அந்தப் பெயர். அப்படி அசைய வைக்கும் பாடகர் 'முத்ரிப்', பாடகி 'முத்ரிபா'. எகிப்தின் உம்மு குல்தூம் (மறைவு 1975) பாடியபோது, கேட்டவர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார்களே, அந்த நிலைதான் தரப். ஸ்பானிய அறிஞர் ஹூலியான் றிபேரா 1928இல், துரூபார் என்பதன் வேர் இந்தத் 'தரப்' தான் என்று எழுதினார். அன்று முதல் இந்த வாதம் ஓயவில்லை.

அயல் வீட்டுப் பாட்டு

அரபியை ஏன் இழுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். காரணம், அயல்தான். துரூபதூர்களின் நாட்டுக்கும் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்கும், அதாவது அந்தலுஸுக்கும், நடுவே பிரனீஸ் மலை ஒன்றுதான் வேலி. பக்தாதிலிருந்து வந்த ஸிர்யாப் என்ற இசைவாணர் 822இல் குர்துபாவை அடைந்து, அங்கே இசைக்கு ஒரு புதிய வழியைத் திறந்தார். பிறகு அந்தலுஸில் 'முவஷ்ஷஹ்' என்றும் 'ஸஜல்' என்றும் இரு புதிய பாட்டு வகைகள் தோன்றின. பழைய அரபுக் கவிதையில் முழுவதும் ஒரே இயைபு வரும். இவற்றிலோ பாட்டு சிறு சிறு கண்ணிகளாகப் பிரிந்தது. கண்ணிக்குக் கண்ணி இயைபு மாறியது. இடையிடையே பொது இயைபு ஒன்று திரும்ப வந்தது. குர்துபாவின் இப்னு குஸ்மான் (மறைவு 1160) தெருவிலே பேசும் அரபியில் ஸஜல் பாடிப் புகழ் பெற்றார்.

ஒன்பதாம் வில்லியமின் சில பாடல்களில், மூன்று அடி ஓர் இயைபிலும் அடுத்த அடி பொது இயைபிலும் வரும் அமைப்பு இருக்கிறது. ஸஜலின் அமைப்பும் அதுவே. வில்லியம் முஸ்லிம்களோடு கொண்ட பழக்கம் போர்க்களப் பழக்கம். 1101இல் சிலுவைப் படையோடு கிழக்கே சென்று, துருக்கியரிடம் தன் படையை இழந்தார். 1120இல் ஸ்பெயினின் குத்தாந்தா என்னுமிடத்தில் முராபித்துகளுக்கு எதிராகப் போரிட்டு வென்ற படையிலும் இருந்தார். பகைவரின் ஊரிலிருந்தும் பாட்டு வரும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் உண்டு.

இன்னொரு செய்தி பெண்களாகிய உங்களுக்கு மிகவும் பிடிக்கும். முவஷ்ஷஹ் பாட்டின் கடைசி அடிகளுக்கு 'கர்ஜா' என்று பெயர். வெளியேறும் வாசல் என்று பொருள். பாட்டு முழுவதும் இலக்கிய அரபியில் நடந்து வந்து, இந்த வாசலில் மட்டும் சாதாரண மக்களின் பேச்சுக்கு மாறிவிடும். 1948இல் சாமுவேல் ஸ்டேர்ன் என்ற அறிஞர், சில கர்ஜாக்கள் அரபியே அல்ல, அந்தலுஸின் பழைய ஸ்பானியப் பேச்சு மொழி என்பதைக் கண்டு எழுதினார். அரபு, எபிரேய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்ததால் அதுவரை அது விளங்காமலே இருந்தது. அவற்றுள் பல ஒரு பெண்ணின் குரலில் அமைந்தவை. காதலன் வரவில்லையே என்று தன் தாயிடம் முறையிடும் இளம் பெண்ணின் குரல். படித்த ஆண் கவிஞர்கள், தம் பாட்டை முடிக்க வீட்டுப் பெண்ணின் பேச்சைக் கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்தவளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

தீர்ப்பு என்ன?

நம் மேடைகளில் சிலர் பேசும்போது, "ஐரோப்பாவுக்குப் பாடக் கற்றுக் கொடுத்ததே நாம்தான், ட்ரூபடோர் என்பது அரபுச் சொல்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. நம் பிள்ளைகளும் அதையே பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு வருவார்கள். ஆனால் நிறுவையில் போட்டுப் பார்க்காமல் சொல்லலாமா?

பார்ப்போம். இலத்தீனில் 'சாப்பேரே' என்றால் அறிதல். இரு உயிரெழுத்துக்கு நடுவே நின்ற 'ப்' ஒலி ஒக்ஸித்தானில் மென்மையாகி 'சபேர்' ஆனது. பிரெஞ்சில் இன்னும் தேய்ந்து 'சவ்வார்' ஆனது. கரையைக் குறிக்கும் 'ரீப்பா' ஒக்ஸித்தானில் 'ரிபா', பிரெஞ்சில் 'ரீவ்'. இதே வழியில் 'துரோப்பாரே' ஒக்ஸித்தானில் 'துரூபார்', பிரெஞ்சில் 'துரூவே' என்று ஆவது சரியாகப் பொருந்துகிறது. தரப் என்பதிலிருந்து வந்திருந்தால், நடுவில் உள்ள அகர ஒலி ஏன் மாறியது என்பதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. ஆகவே ஒலியைப் பார்த்தால் இலத்தீன் கட்சியின் கை ஓங்கி இருக்கிறது. அகராதிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே சாய்கின்றன.

பொருளைப் பார்த்தால் நிலைமை சற்று வேறு. பாட்டுக் கட்டுதல் என்ற சிறப்புச் சொல், வீட்டில் தொலைந்த ஊசியைக் கண்டெடுப்பதற்கும் எப்படிப் பொதுச்சொல் ஆனது என்ற கேள்வி இலத்தீன் கட்சியை உறுத்துகிறது. அரபுக் கட்சியார் இங்கேதான் நுழைகிறார்கள். கண்டெடுத்தல் என்ற துரூபாரும் பாடுதல் என்ற துரூபாரும் தொடக்கத்தில் இரண்டு வேறு சொற்களாக இருந்து, ஒலி ஒத்திருந்ததால் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்கிறார்கள். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியையாக இருந்த மரியா ரோசா மெனொகால் (மறைவு 2012) 1987இல் வெளியிட்ட தம் நூலில் இந்த வழக்கை மீண்டும் திறந்தார். அரபு வழியை ஆராய்ந்து மறுப்பது வேறு, ஆராயாமலே ஒதுக்கித் தள்ளுவது வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். ஐரோப்பிய அறிஞர்கள் பலர் இரண்டாவதைத்தான் செய்தார்கள் என்று அவர் குற்றம் சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அரபியருக்கும் இந்தக் கவிதைக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் பார்பியேரி என்ற அறிஞர் எழுதி வைத்திருந்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சகோதரிகளே, நோன்பு மாதத்தில் அயல் வீட்டிலிருந்து ஒரு பீங்கானில் பலகாரம் வருகிறது. பீங்கான் யாருடையது என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். அதைக் கழுவி, வெறுமையாக அனுப்பாமல் ஏதேனும் வைத்துத் திருப்பி அனுப்புகிறோம். ஆனால் அதே அலுமாரியில், யாருடையது என்று தெரியாத ஒரு கிண்ணமும் இருந்தால்? "அதுவும் எங்களுடையதுதான்" என்று அயலவர் எடுத்துக்கொண்டு போவது நீதியா? "உங்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒன்றுமே வந்ததில்லை" என்று நாம் கதவைச் சாத்துவதுதான் நீதியா? இரண்டும் இல்லை.

நிச்சயமான பீங்கான்கள் பல இருக்கின்றன. துரூபதூர்களின் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன 'லூட்' என்ற நரம்பு வாத்தியத்தின் பெயர், அரபியின் 'அல்ஊத்' தான். 'ரெபெக்' என்ற வில் வாத்தியம், அரபியின் 'ரபாப்'. இவற்றில் கருத்து வேறுபாடே இல்லை. ஸஜலின் அமைப்பும் வில்லியம் பாட்டின் அமைப்பும் ஒத்திருப்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. துரூபதூர் என்ற பெயர் மட்டும் இன்னும் வழக்கில் உள்ள கிண்ணம். அதை வழக்கில் உள்ளது என்றே சொல்வோம். அதனால் அந்தலுஸின் பெருமையில் ஒரு துளியும் குறையாது. மிகைப்படுத்திச் சொன்ன ஒன்று பொய் என்று தெரியவரும் நாளில், மெய்யாகச் சொன்ன ஒன்பதையும் பிள்ளை சந்தேகிக்கத் தொடங்கிவிடும். நமக்கு நஷ்டம் அங்கேதான்.

ஊத் வாசித்தவள்

கடைசியாக ஒரு சம்பவம். குர்துபாவின் பெரும் வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான் (987–1076) பதிந்து வைத்தது.

1064ஆம் ஆண்டு பிரனீஸ் மலைக்கு இப்பால் இருந்த பர்பஷ்தர் என்ற முஸ்லிம் ஊரை, பிரான்ஸிலிருந்தும் அயலிலிருந்தும் வந்த படைகள் முற்றுகையிட்டுப் பிடித்தன. அந்தப் படைத் தலைவர்களுள் நம் கவிஞர் வில்லியமின் தகப்பனும் ஒருவர். ஊர்ப் பெண்கள் பெருந்தொகையாகச் சிறைபிடிக்கப்பட்டார்கள். சில காலத்தின் பின், அவ்வூர்ப் பிரமுகர் ஒருவரின் புதல்விகளைப் பணம் கொடுத்து மீட்பதற்காக யூத வணிகர் ஒருவர் அங்கே போனார். அந்த வீட்டைப் பங்காகப் பெற்றிருந்த பிரபு, பழைய எஜமானின் உடையை உடுத்து, அவருடைய ஆசனத்திலேயே அமர்ந்திருந்தார். எவ்வளவு பொன் தருவதாகச் சொன்னபோதும் பெண்களை விட மறுத்தார். பிறகு, அங்கிருந்த பாடகியை அழைத்து, ஊத் எடுத்து விருந்தாளிக்குப் பாடச் சொன்னார். அவள் முன்பு அந்த வீட்டு எஜமானுக்குப் பாடிய அடிமைப் பெண். அவள் வாத்தியத்தைச் சுருதி கூட்டிப் பாடத் தொடங்கினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. பாட்டின் பொருள் அந்தப் பிரபுவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் குடித்துக்கொண்டே மிகவும் இரசித்தார். வணிகர் வெறுங்கையோடு திரும்பினார்.

இப்படி மலை கடந்து போன பெண்களின் பாட்டைக் கேட்டுத்தான் சிறுவன் வில்லியம் வளர்ந்தான் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியும் இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் அந்த அறையை மறக்க முடியவில்லை. பாடியவளுக்குத் துக்கம், கேட்டவருக்கு மகிழ்ச்சி. தரப் என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே அறையில் நின்றன.

நாம் நேர்மையாகப் பேசுவதென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளைச் சிறைபிடித்தவர்கள் வரும் முன்பும் அவள் சுதந்திரப் பெண் அல்ல. அந்தலுஸின் செல்வர் வீடுகளில் 'கியான்' என்று அழைக்கப்பட்ட பாடகி அடிமைகள் இருந்தார்கள். கவிதையும் இலக்கணமும் ஊத் வாசிப்பும் பயிற்றி, பெரும் விலைக்கு அவர்களை விற்றார்கள். கலீபாவின் மகளாகிய வல்லாதா (மறைவு 1091) சொந்தப் பெயரில் கவிதை பாடினார். அவர் பெயர் இன்றும் நிற்கிறது. பர்பஷ்தரில் ஊத் வாசித்தவளைப் பற்றி நமக்கு எஞ்சியது அவள் கண்ணீர் மட்டும்தான். நம்முடைய பெருமை என்று ஊத்தையும் ஸஜலையும் கணக்கில் எழுதும்போது, அதைத் தூக்கிச் சுமந்த அவள் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எனவே உங்கள் மகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: துரூபதூர் என்றால் பாட்டைக் கண்டெடுப்பவர். அந்தச் சொல் இலத்தீனா அரபா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமுகப்படவில்லை; இலத்தீன் பக்கம் பலம் அதிகம். ஆனால் அவர்கள் கண்டெடுத்த பாட்டில் ஒரு பகுதி மலைக்கு அப்பால், அரபியில் பாடிக்கொண்டிருந்த ஊர்களில் கிடந்தது என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. எடுத்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பாடி வைத்திருந்த பெண்களுள் பலரின் பெயர் இல்லை.

அவள் இன்னும் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள். தேடுகிறவர்தான் கண்டெடுப்பார்.

அடுத்த மாதம் வேறொரு சொல்லோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.